கடற்பாசி என்று கேட்டால் கடைக்காரர் எதை எடுத்துத் தருவார்?

நோன்பு மாதத்தில் ஒரு மாலை, தேக்கா பக்கம் ஒரு மளிகைக் கடையில் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற மூன்று பேரும் ஒரே பொருளைத்தான் கேட்டார்கள், மூன்று பெயர்களில். ஊரிலிருந்து வேலைக்கு வந்திருந்த இளைஞர் ‘சைனா கிராஸ்’ என்றார். இங்கேயே பிறந்து வளர்ந்த பாட்டி ‘அகார் அகார்’ என்றார். முக்காடிட்ட அம்மா ஒருவர் ‘கடப்பாசி’ என்றார். மூவருக்கும் ஒரே பெட்டியிலிருந்து ஒரே வகைப் பொட்டலம் வந்தது. மூவரும் சரியானதை வாங்கிக்கொண்டு போனார்கள்.

அடுத்து வந்த இளம்பெண் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி ‘சீ மாஸ்’ இருக்கிறதா என்று கேட்டார். கடைக்காரர் சற்று யோசித்துவிட்டு அதே பெட்டியில் கைவைத்தார். “எல்லாம் கடற்பாசிதாம்மா” என்றார். அது மட்டும் தவறு.

கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. தமிழில் ‘கடற்பாசி’ என்ற ஒரு சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபட்ட பொருள்கள் அடைந்து கிடக்கின்றன. சமைக்கும்போது ஒன்று உறையும், இன்னொன்று கொழகொழவென்று நிற்கும். ஒன்றை நாள்தோறும் சாப்பிடலாம், இன்னொன்றை அளவு பார்த்துத்தான் சாப்பிட வேண்டும். எனவே எது எது என்று பிரித்துப் பார்த்துவிடுவது நல்லது.

எது கடற்பாசி, எது இல்லை

முதலில், கடலுக்குச் சம்பந்தமே இல்லாத இரண்டை ஒதுக்கிவிடலாம். பிரியாணியிலும் செட்டிநாட்டுக் குழம்பிலும் போடும் கல்பாசி கடலில் விளைவதல்ல. பாறையிலும் மரப்பட்டையிலும் படர்ந்து காய்ந்த ஒருவகை உயிர் அது. பூஞ்சையும் பாசியும் ஒன்றாக வாழ்வது. அதை ஊறவைத்துக் காய்ச்சினால் கூழும் வராது, உறையவும் உறையாது. மதுரை ஜிகர்தண்டாவில் வழுவழுப்பாக மிதக்கும் பாதாம் பிசினும் கடற்பாசியல்ல. அது மரத்தில் வடியும் பிசின். சில கடைகளில் அதற்குப் பதிலாகக் கடற்பாசியைப் போடுவதால் இரண்டும் ஒன்று என்று பலர் நினைத்துவிட்டார்கள்.

உண்மையான கடற்பாசியில் பச்சை, பழுப்பு, சிவப்பு என்று மூன்று பெரும் பிரிவுகள் உண்டு. நம் கதை சிவப்பைப் பற்றியது. பெயர்தான் சிவப்பு. உயிரோடு இருக்கும்போது சில வகைகள் பச்சையாகவும் பழுப்பாகவும் தெரியும். வெயிலில் காய்ந்தபின் மஞ்சளாகும், வெள்ளையாகும். உள்ளே இருக்கும் சிவப்பு நிறமியை வைத்துத்தான் அந்தப் பெயர். சீனக் கடைகளில் மீன் உருண்டை சூப்பில் மிதக்கும் கருநீலப் பாசியும் சிவப்பு வகைதான், ஆனால் அது குளிர்ந்த கடலில் விளைவது. நம் வெப்பக் கடல்களின் சிவப்புப் பாசிகளில் நம் அடுப்படிக்கு வருபவை இரண்டு குடும்பங்கள்.

ஒன்று அகார் தரும் குடும்பம். கிராசிலேரியா, ஜெலிடியெல்லா ஆகியவை இதில் அடங்கும். ராமநாதபுரம் கரையில் முதலாவதைக் கஞ்சிப்பாசி என்றும் இரண்டாவதை மரிக்கொழுந்துப்பாசி என்றும் சொல்வார்கள். பெயரிலேயே பயனும் உருவமும் இருக்கின்றன. முதலாவது காய்ச்சினால் கஞ்சியாகும், இரண்டாவது மரிக்கொழுந்துக் கொத்து மாதிரி இருக்கும்.

மற்றொன்று கராஜீனன் தரும் குடும்பம். காப்பாஃபைகஸ், யூக்கூமா என்பன இதில் முக்கியமானவை. வணிகத்தில் காப்பாஃபைகஸைக் ‘காட்டோனி’ என்றும் யூக்கூமாவை ‘ஸ்பைனோசம்’ என்றும் அழைக்கிறார்கள். தடித்த, சதைப்பற்றுள்ள கிளைகள். பார்ப்பதற்குப் பவளம் போல இருக்கும்.

மூன்று பேர் வாங்கிப் போன பொட்டலம் முதல் குடும்பம். இளம்பெண் கேட்டது பெரும்பாலும் இரண்டாவது.

வெப்பத்தில் கரையாத பண்டம்

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். தீபாவளிக்கு முதல்நாள் பெரிய அலுமினியத் தட்டில் சிவப்பு, பச்சைச் சாயம் கலந்த அகார் அகாரை ஊற்றி, மேலே தேங்காய்ப்பால் அடுக்கு நிற்க, அப்படியே மேசையில் விட்டுவிடுவார்கள். குளிர்பதனப் பெட்டி இல்லாத லயத்து வீட்டிலும் அது உறைந்தது. மறுநாள் விருந்தாளி வரும்வரை உருகாமலும் இருந்தது.

அதற்குக் காரணம் அகாரின் ஒரு விநோத குணம். அதைக் கரைக்க ஏறக்குறைய 85 பாகை வெப்பம் வேண்டும். ஆனால் கரைந்த பிறகு ஆறும்போது 40 பாகைக்கும் கீழே வந்தால்தான் உறையும். ஒருமுறை உறைந்துவிட்டால் மீண்டும் உருக, திரும்ப 85 பாகை வேண்டும். சிங்கப்பூரின் மதிய வெயில் அதை ஒன்றும் செய்யாது. எலும்பிலும் தோலிலும் எடுக்கும் ஜெலட்டின் அப்படியல்ல, நம் உடல் சூட்டிலேயே உருகிவிடும். அகார் தாவரத்தைப் போன்ற பாசியிலிருந்து வருவதால் சைவம் சாப்பிடுபவருக்கும் ஹலால் பார்ப்பவருக்கும் ஒருசேரப் பொருந்துகிறது. மூன்று சமயத்தாரின் பண்டிகை மேசையிலும் அது இடம்பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

கராஜீனன் வேறு மாதிரி. காட்டோனியிலிருந்து வருவது பொட்டாசியம் உப்போடு சேர்ந்தால் கெட்டியாக உறையும். ஸ்பைனோசத்திலிருந்து வருவது கால்சியத்தோடு சேர்ந்து மென்மையாக, இழுபடும் பதத்தில் நிற்கும். பாலில் உள்ள புரதத்தைப் பிடித்து நிறுத்துவதில் கெட்டிக்காரன். ஐஸ்கிரீம் கட்டி தட்டாமல் இருப்பதும், சாக்லேட் பாலில் கோகோ அடியில் தங்காமல் இருப்பதும், பற்பசை குழாயிலிருந்து ஒழுகாமல் வருவதும் பெரும்பாலும் இதன் வேலை. கேலாங் சிராயில் வாங்கும் கொன்யாக்கு ஜெல்லிப் பொடியிலும் கிழங்கு மாவோடு இது கலந்திருப்பது வழக்கம். பொட்டலத்தின் பின்பக்கம் பாருங்கள்: இ406 என்றிருந்தால் அகார், இ407 என்றிருந்தால் கராஜீனன், இ407ஏ என்றிருந்தால் முழுதாகப் பிரித்தெடுக்காத, பதப்படுத்திய யூக்கூமா. நாம் அறியாமலே நாள்தோறும் சிவப்புப் பாசி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

இது இந்தக் கடலின் பொருள்

‘அகார் அகார்’ மலாய்ச் சொல். உலகத்தின் பல மொழிகளும் அதை மலாயிடமிருந்துதான் கடன் வாங்கின. 1823 முதல் 1826 வரை சிங்கப்பூரின் ரெசிடெண்டாக இருந்த ஜான் கிராஃபர்ட், 1856ல் வெளியிட்ட தம் அகராதியில் இதற்கு ஒரு பதிவு எழுதியிருக்கிறார். மலாய்த் தீவுகளின் பாறைக் கரைகளில் விளைகிறது, காய்ச்சினால் உண்ணத்தக்க கூழாகிறது, சீனர்கள் இதைப் பசையாகவும் பயன்படுத்துகிறார்கள், சீனக் கப்பல்களில் பெருமளவு ஏற்றுமதியாகிறது என்பது அவர் சொல்வதன் சாரம். சிங்கப்பூர்த் துறைமுகத்தின் தொடக்க காலச் சரக்குகளில் மிளகு, காசுக்கட்டியோடு இந்தப் பாசியும் இருந்தது.

இலங்கைக் கடலுக்கும் பங்கு உண்டு. கற்பிட்டிப் பக்கம் சேகரித்த கஞ்சிப்பாசி இனம் 19ஆம் நூற்றாண்டில் ‘சிலோன் மாஸ்’ என்ற பெயரில் கப்பலேறியது. நோயாளிகளுக்கும் குழந்தைகளுக்கும் கொடுக்கும் இலகுவான உணவாக ஆங்கிலேய மருத்துவர்கள் அதைப் பரிந்துரைத்தார்கள்.

இனிப்புத் தட்டிலிருந்து இது மருத்துவ ஆய்வுக்கூடத்துக்குப் போன கதையைச் சொல்லாமல் விட முடியாது. ஜெர்மனியில் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த வால்டர் ஹெஸ், கிருமிகளை ஜெலட்டினில் வளர்த்துப் பார்த்துச் சலித்துப்போயிருந்தார். கோடைச் சூட்டில் ஜெலட்டின் உருகியது, சில கிருமிகள் அதையே தின்றன. அவர் மனைவி ஃபேனி ஹெஸ், வீட்டில் தாம் செய்யும் ஜெல்லி மட்டும் ஏன் உருகுவதில்லை என்பதைச் சொன்னார். ஜாவாவில் வாழ்ந்த டச்சுக் குடும்பம் ஒன்றிடமிருந்து அவர் கற்றது அகார் அகார். அது 1881ல் நடந்தது. அடுத்த ஆண்டே காசநோய்க் கிருமியைக் கோக் உலகுக்கு அறிவித்தார். இன்றும் மருத்துவமனையில் நம் சளியையோ சிறுநீரையோ கிருமிச் சோதனைக்கு அனுப்பினால், அதைத் தடவுவது பெரும்பாலும் அகார் தட்டில்தான். அந்த ஜாவாக்காரச் சமையல்காரர் யார் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

சரி, சிங்கப்பூர்க் கரையில் இன்றும் இது விளைகிறதா? விளைகிறது. நீர் வற்றும் நேரத்தில் தென்பகுதித் தீவுகளின் பவளத் திட்டுகளில் கிராசிலேரியா வகைகளைக் காணலாம். ஆனால் வளர்த்து விற்பது இங்கு எளிதல்ல. கரையோரம் முழுக்கக் கப்பல் பாதைகள். நிலமீட்பால் கலங்கிய நீரில் வெயில் ஆழமாக இறங்குவதில்லை. வெயில் இல்லாமல் பாசி இல்லை. தேக்காவிலும் முஸ்தஃபாவிலும் நாம் வாங்குவது பிற நாட்டுச் சரக்கு.

பாம்பனில் மூழ்குபவர்கள்

தமிழருக்கும் இந்தப் பாசிக்கும் உள்ள நெருக்கமான தொடர்பு மன்னார் வளைகுடாவில்தான் இருக்கிறது. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 சிறு தீவுகள். கீழக்கரைக்கு நேர் எதிரேயும் சில உண்டு. அந்த ஊரிலிருந்து வந்த குடும்பங்கள் சிங்கப்பூரில் எத்தனையோ. அந்தத் தீவுகளைச் சுற்றியுள்ள பவளத் திட்டுகளில் மரிக்கொழுந்துப்பாசியும் கஞ்சிப்பாசியும் தாமாகவே விளைகின்றன.

அவற்றைப் பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். பாம்பன், சின்னப்பாலம், பாரதி நகர் போன்ற குப்பங்களிலிருந்து விடியலில் நாட்டுப் படகில் கிளம்புவார்கள். கண்ணுக்கு நீச்சல் கண்ணாடி. பாறையும் பவளமும் கிழிக்காமலிருக்க விரல்களில் துணியும் ரப்பரும் சுற்றியிருப்பார்கள். சேலைக்கு மேல் ஒரு சட்டை. இடுப்பில் வலைப்பை. மூச்சுக்குழாயோ காற்றுக் கலனோ கிடையாது. மூச்சை அடக்கி மூழ்கி, பறித்து, மேலே வந்து மூச்சு வாங்கி, மீண்டும் மூழ்குவார்கள். மணிக்கணக்கில் இதே வேலை. கரைக்கு வந்ததும் மணலில் பரப்பிக் காயவைத்து, வியாபாரியிடம் எடைபோடுவார்கள். அங்கிருந்து மதுரைப் பக்கத்து அகார் ஆலைகளுக்குப் போகும். மரிக்கொழுந்துப்பாசியின் அகார் உறுதியானது, விலையும் கூடுதல். கஞ்சிப்பாசியின் அகார் சற்று இளகியது, உணவுக்குப் போகும்.

1986ல் இந்தத் தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. பாட்டி காலத்திலிருந்து பறித்த இடத்தில் பறிப்பது அன்றிலிருந்து குற்றம் என்றானது. வனத்துறையிடம் பிடிபடுவதும், பாசி பறிமுதலாவதும், படகு நிறுத்தப்படுவதும் வழக்கமாயின. பவளத்தைக் காக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. பவளத்தின் மேல் மிதித்து நடந்தால் உடையும் என்பதும் உண்மை. ஆனால் அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் பறிப்பவர்களை ஒருமுறை கேட்டிருந்தால் பல ஆண்டுச் சண்டை மிச்சமாகியிருக்கும் என்றே தோன்றுகிறது. ஏனெனில் பின்னர் அந்தப் பெண்களே கூடித் தங்களுக்குக் கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள்: மாதத்தில் 12 நாள் மட்டுமே பறிப்பு, மற்ற நாள்களில் கடலுக்கு ஓய்வு. அடியோடு சுரண்டாமல் நுனியைக் கையால் பறித்துவிட்டால், பாறையைப் பற்றியிருக்கும் அடிப்பகுதி மறுபடி துளிர்க்கும். இதைச் சொல்லிக்கொடுக்க அவர்களுக்கு எந்த நிபுணரும் தேவைப்படவில்லை.

அந்தப் பெண்களை ஒன்றுதிரட்டியவர்களில் ஒருவரான சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு, கலிஃபோர்னியாவில் இயங்கும் சீகாலஜி என்னும் தீவுப் பாதுகாப்பு அமைப்பு 2015ல் தன் விருதை வழங்கியது. சிறு வயதிலேயே கடலில் இறங்கியவர் அவர்.

பெப்சிப் பாசி

பறிப்பது ஒரு கதை என்றால் பயிரிடுவது இன்னொரு கதை. காப்பாஃபைகஸ் இந்தியக் கடலுக்கு அந்நியம். அதன் பூர்விகம் பிலிப்பீன்ஸ் பக்கம். 1960களின் கடைசியில், இயற்கையில் பறிக்கும் பாசி போதாமல் போகவே, ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் மேக்ஸ்வெல் டோட்டி பிலிப்பீன்சின் தென்கோடிக் கடலில் அதை வளர்த்துப் பார்க்கத் தொடங்கினார். உடன் உழைத்த விசென்டே அல்வாரெஸின் பெயர்தான் இன்று அதன் அறிவியல் பெயரில் ‘அல்வாரெசி’ என்று நிற்கிறது. அங்கிருந்து சாபாவின் செம்பூர்ணாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் பரவியது. இன்று இந்த இனத்தில் இந்தோனேசியாதான் முன்னணி. மலேசியாவின் விளைச்சல் ஏறக்குறைய முழுதும் சாபாவிலிருந்து வருகிறது.

குஜராத்தின் பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு, கடல் வேதியியல் ஆய்வு நிலையம் 1984ல் ஜப்பானிலிருந்து இதன் விதைக் கிளைகளைக் கொண்டுவந்து பல ஆண்டுகள் சோதித்தது. 1990களின் நடுவில் மண்டபம் கடலில் பரிசோதனை நடந்தது. 2000ல் அந்தத் தொழில்நுட்பத்தைப் பெற்றுக்கொண்டு மண்டபம் கரையில் இறங்கியது பெப்சிகோ. குளிர்பான நிறுவனம் கொண்டுவந்ததால் ஊர்மக்கள் வைத்த பெயர் ‘பெப்சிப் பாசி’. 2008ல் அந்த நிறுவனம் விலகிக்கொண்ட பின்னும் பெயர் போகவில்லை.

வளர்க்கும் முறை எளிமையானது. 3 மீட்டருக்கு 3 மீட்டர் மூங்கில் மிதவை. அதில் 20 கயிறுகள். ஒவ்வொரு கயிற்றிலும் 20 இடங்களில் 150 கிராம் கிளைத்துண்டு கட்டினால் ஒரு மிதவைக்கு 60 கிலோ விதை. கீழே வலை, மீன் கடிக்காமலிருக்க. விதை முளைப்பதோ வேர்விடுவதோ இல்லை. கரும்புக் கரணை மாதிரி, வெட்டிய கிளையே வளரும். உரம் கிடையாது, நன்னீர் கிடையாது. 45 நாளில் நல்ல கடலானால் 200 கிலோவுக்கு மேல் திரளும். அதில் 60 கிலோவை அடுத்த விதைக்கு எடுத்துவைத்துவிட்டு மீதியைக் காயவைப்பார்கள். பத்துக் கிலோ ஈரப்பாசி ஒரு கிலோ காய்ந்த பாசி.

ஆண்கள் மிதவையைக் கடலில் நிறுத்த, பெண்கள் கரையில் கயிறு கட்டுவார்கள். மூழ்கத் தேவையில்லை. சுய உதவிக் குழுக்களுக்கு வங்கிக் கடனும் கிடைத்ததால் பல குடும்பங்கள் முதன்முறையாக மாத வருமானம் பார்த்தன.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அந்நியப் பாசி பவளத்தின் மேல் படர்ந்தால் பவளம் மூச்சுத்திணறிச் செத்துவிடும். இந்த அச்சத்தால் 2005ல் தமிழ்நாடு அரசு இதன் வளர்ப்பைப் பாம்பன் பாலத்துக்கு வடக்கே பாக் நீரிணைப் பக்கமும் தூத்துக்குடிக்குத் தெற்கேயும் மட்டும் என்று கட்டுப்படுத்தியது. ஆயினும் 2008ல் குருசடைத் தீவருகே உயிருள்ள பவளத்தின் மேல் அது படர்ந்திருப்பதாக ஆய்வாளர்கள் எழுதினார்கள். பரவிய பரப்பு சிறிதே, அகற்றிவிடலாம் என்றது எதிர்த்தரப்பு. விவாதம் இன்னும் முடியவில்லை. கடலும் தன் பங்குக்கு விலை கேட்டது. 2013 வாக்கில் நீர் சூடாகி மிதவை மிதவையாகப் பாசி அழிந்தது. எல்லாமே ஒரே கிளையிலிருந்து வெட்டி வெட்டிப் பெருக்கியது என்பதால், ஒன்று தாங்காவிட்டால் எதுவும் தாங்காது. பிலிப்பீன்ஸ் விவசாயிகள் ‘ஐஸ்-ஐஸ்’ என்று சொல்லும் நோயும் இப்படித்தான், சூடோ மழைநீரோ கூடினால் கிளை வெளுத்து முறிந்துபோகும்.

அகார் தரும் மரிக்கொழுந்துப்பாசி மிக மெதுவாக வளர்வது. மிதவையில் கட்டி லாபம் பார்ப்பது கடினம். அதனால் பாக் நீரிணையில் மிதவை பெருகினாலும், மன்னார் வளைகுடாவில் மூழ்கும் பெண்கள் மூழ்கிக்கொண்டேதான் இருக்கிறார்கள். கஞ்சிப்பாசி உள்ளூர் இனம், கயிற்றிலும் வளரும். அந்நியப் பாசிக்குச் செலவழித்த கவனத்தில் பாதியை அதற்குக் கொடுத்திருக்கலாம் என்பது என் சொந்தக் கருத்து.

காய்ந்த பாசி: கடையில் என்ன பார்ப்பது

அகார் மூன்று வடிவில் வரும்: நார், கட்டி, பொடி. மூன்றும் ஒன்றே. பாசியைக் கொதிக்கவைத்து வடிகட்டி, உறைந்த கூழைப் பனியாக உறையவைத்து உருகவிட்டால் நீர் வடிந்துவிடும். எஞ்சியதைக் காயவைத்தால் நார். அரைத்தால் பொடி. நல்ல நார் ஒளி ஊடுருவும் வெண்மையில், நசுக்கினால் மொறுமொறுவென்று இருக்கும். மங்கலான மஞ்சளும் புழுங்கிய வாடையும் இருந்தால் பழையது.

முழுப் பாசியாக வருவது யூக்கூமா, காட்டோனி. சீன மருந்துக் கடைகளில் ‘பவளப் புல்’ என்றும் ‘கடல் பறவைக்கூடு’ என்றும் சொல்லி விற்பார்கள். பறவைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உப்புப் படிந்த ஊதாப் பழுப்பு, வெளிர் மஞ்சள், வெள்ளை என்று பல நிறங்கள். பல நேரங்களில் ஒரே பாசிதான். ஈரத்தோடு மூடிவைத்துப் புழுங்கவிட்டோ, கழுவிக் கழுவி வெயிலில் போட்டோ வெளுக்க வைக்கிறார்கள். ஆகவே வெள்ளை உயர்ந்தது, பழுப்பு மட்டம் என்பதில்லை. மேலே படிந்த வெண்மை உப்பு. விரலில் தடவி நாக்கில் வைத்தால் தெரியும். பூஞ்சை என்றால் பஞ்சுபோல் இருக்கும், கரிக்காது.

இப்போது ‘சீ மாஸ்’. உண்மையான ஐரிஷ் மாஸ் அட்லாண்டிக்கின் குளிர்க் கடலில் விளையும் வேறொரு சிவப்புப் பாசி. அந்தப் பெயரில் இணையத்தில் விற்பனையாவதில் பெரும்பகுதி வெப்பக் கடலின் யூக்கூமா அல்லது காட்டோனி. கடைத்தெருவில் மலிவாகக் கிடைக்கும் அதே பவளப் புல், தங்கநிற ஜெல் புட்டியில் அடைத்ததும் பல மடங்கு வெள்ளிக்குப் போகிறது. ‘92 தாதுக்கள்’ என்பது வழக்கமான விளம்பரம். நம் உடலுக்கு அவசியமான தாதுக்கள் அதில் பாதிகூட இல்லை. பாசி கடலில் இருப்பதை எல்லாம் உறிஞ்சும், அதனால் ஈயம், காட்மியம், ஆர்சனிக் எல்லாமும்கூட ‘தாதுக்கள்’ கணக்கில் வந்துவிடும். தைராய்டு மருந்து சாப்பிடுபவரும் கருவுற்றிருப்பவரும் முழுப் பாசியை நாள்தோறும் ஜெல்லாகக் குடிக்கும் முன் மருத்துவரிடம் கேட்பது நல்லது. பெரியவருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய அயோடின் 150 மைக்ரோகிராம்தான். பாசியில் அது எவ்வளவு இருக்கும் என்பது விளைந்த கடலைப் பொறுத்து மாறும். பதப்படுத்திய அகார் நாரில் இந்தக் கவலை மிகக் குறைவு.

இன்னொன்று, இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வார இறுதியில் கடற்கரைக்குப் போன இடத்தில் பாசியைப் பறித்து வந்து சாப்பிட்டுப் பார்க்க வேண்டாம். 1991ல் குவாம் தீவில், பலகாலமாக உண்டுவந்த கிராசிலேரியா இனப் பாசி ஒன்றைச் சாப்பிட்ட 13 பேர் நோயுற்று 3 பேர் இறந்தனர். பார்வைக்கு நல்ல பாசிதான், அதில் அந்த நேரத்தில் நஞ்சு சேர்ந்திருந்தது. பார்த்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்க வழியில்லை. மேலும் இங்கே தேசியப் பூங்காக் கழகத்தின் பராமரிப்பில் உள்ள கரைகளில் அனுமதியின்றி எதையும் பறிக்கவும் கூடாது.

அடுப்படியில்

ஒரு லிட்டர் நீருக்கு 10 கிராம் அகார் பொடி என்பது வெட்டி எடுக்கும் பதம். கிண்ணத்தில் கரண்டியால் எடுத்துச் சாப்பிட 7 கிராம் போதும். நார் என்றால் கூடுதலாக வேண்டும், அரைமணி நேரம் ஊறவைத்துக்கொள்ள வேண்டும். பொடியைக் குளிர்ந்த நீரில் கலக்கிவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். கொதிநீரில் கொட்டினால் கட்டி தட்டும். முழுக்கக் கரைந்து தெளிந்த பிறகே சர்க்கரை. இந்த வரிசையை மாற்றுவதால்தான் பலருக்கு அடியில் மணல்மணலாக நிற்கிறது.

எலுமிச்சை, புளி, நன்னாரி மாதிரிப் புளிப்போ மணமோ சேர்ப்பதென்றால் அடுப்பை அணைத்த பிறகு. புளிப்போடு கொதித்தால் அகார் வலுவிழந்துவிடும். அன்னாசியும் பப்பாளியும் ஜெலட்டினை உறையவிடாது, அகாரை ஒன்றும் செய்யாது. தேங்காய்ப்பால் ஊற்றிக் கொதிக்கவிட்டுக் கலக்கிக்கொண்டே ஊற்றினால் ஒரே நிறமாக உறையும். கலக்காமல் விட்டால் தேங்காய்ப்பாலின் கொழுப்பு மேலே மிதந்து தானாக இரண்டு அடுக்காகும். பாட்டிமார் செய்த வெள்ளை மேலடுக்கின் இரகசியம் அவ்வளவே. அகாரில் சத்தும் இல்லை, கொழுப்பும் இல்லை. நீரிழிவுக்காரருக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டு நாம் கொட்டும் சர்க்கரைக்கும் ரோஸ் சிரப்புக்கும் பாசி பொறுப்பல்ல.

முழு யூக்கூமா வாங்கினால் நான்கைந்து முறை அலசி, இரவு முழுக்க ஊறவையுங்கள். இடையில் இரண்டு முறை நீரை மாற்றினால் உப்பும் கடல்வாடையும் போகும். பல மடங்கு பருத்து, கண்ணாடிபோல் ஆகும். கொதிநீரில் சில நொடி முக்கி எடுத்தால் மொறுமொறுப்பாக இருக்கும். கிளந்தானில் கிராசிலேரியாவை வறுத்த தேங்காய்த்துருவலோடு பிசைந்து ‘கெராபு சாரே’ செய்வார்கள். அதே முறையில் சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், எலுமிச்சை, தேங்காய்த்துருவல் சேர்த்தால் நம் வீட்டுப் பச்சடி. அடுப்பில் மறந்துவிட்டால் கரைந்து கூழாகிவிடும். அப்போது வடிகட்டிப் பாயசத்தில் சேர்த்துவிடலாம், வீணாகாது.

மிச்சமான காய்ந்த பாசியைக் காற்றுப் புகாத டப்பாவில் இருட்டான இடத்தில் வைத்தால் ஓராண்டுக்கு மேலும் இருக்கும். குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டாம், திறந்து மூடும்போது ஈரம் கோத்துவிடும். ஊறவைத்ததை மட்டும் உள்ளே வைத்து, மூன்று நான்கு நாளில் முடித்துவிடுங்கள்.